கறியில்லாத கொப்பரை

பாஸ்காவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மஃப்ராத் தன் வீட்டுக் கொப்பரையைக் கைவண்டியில் ஏற்றித் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். சமர்கந்தின் யூதத் தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா பின்னே? இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொப்பரை மஃப்ராத் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை.

நல்ல கனமான செம்புக் கொப்பரை. வருஷத்தில் எட்டு நாள்தான் அதற்கு வேலை. பாஸ்கா முடிந்த கையோடு கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, பூட்டிய அறைக்குள் வைத்துவிட வேண்டும். பண்டிகை முழுக்கப் புளித்த மாவு விலக்கு என்பதால் கோதுமை மாவு அதன் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் வீட்டில்தான் பண்டிகையின் முதல் ராத்திரி விருந்து. அதற்குச் சொந்தக்காரக் கிழவி, அதாவது மஃப்ராத்தின் அம்மா, கொப்பரை மகளுக்கா மருமகளுக்கா என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாள். "பெத்த மக நான் இருக்கேன்ல" என்று மஃப்ராத் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். மருமகள் புலோருக்கு அப்போது கல்யாணமாகி மூன்றே மாதம். வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் மனசுக்குள் வாயை மூடவேயில்லை.

நாத்தனார் வீட்டில் புலோருக்கு என்ன வேலை தெரியுமா? அரிசி பொறுக்குவது. பாஸ்கா அரிசியில் ஒரு கோதுமை மணி கிடந்தாலும் அத்தனையும் பாழ் என்பதால் ஏழு தடவை பொறுக்குவது அந்தத் தெருவின் வழக்கம். மூலையில் வெள்ளைத் துணியை விரித்து உட்கார்ந்தால், ஏழாவது தடவை முடிவதற்குள் கண் இரண்டும் பூத்துப்போகும். அதற்குள் கொப்பரைப் பக்கம் கறியும் ஈரலும் வெந்து, மஃப்ராத் எல்லாரிடமும் பேரும் வாங்கி முடித்திருப்பாள். கடைசியில் அடியில் பிடித்த சோற்றுக் காந்தலைச் சுரண்டிக் கொடுக்கும் உரிமையும் கொப்பரைக்காரிக்குத்தான். அவளுக்குப் பிடித்தவர்களுக்கு உள்ளங்கை அகலம் கிடைக்கும். புலோருக்குக் கட்டைவிரல் அளவு வரும். புலோர் தன் வீட்டிலிருந்து எதைச் சமைத்து எடுத்துப் போனாலும், மஃப்ராத் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

"உப்பு கம்மி."

இந்தக் குளிர்காலத்தில் மஃப்ராத் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் டம்ளரைத் தூக்கினாலே கை நடுங்குகிறது. வேறு வழியில்லாமல், ஜெபக்கூடத்தில் பெண்கள் பகுதியில், பதினாலு பேர் காது கேட்கச் சொன்னாள்.

"இந்த வருஷம் உன் வீட்ல வச்சுக்க புலோரு. எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னா கொப்பரை அங்கேயே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு குறை, ஒரே ஒரு குறை வந்துச்சுன்னு வையி, மறுநாள் காலைல வண்டி வாசல்ல நிக்கும்."

"அதெல்லாம் ஜோரா நடக்கும் மதினி, நீங்க கால் நீட்டி உக்காந்து சாப்பிடுங்க" என்றாள் புலோர். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாள்.

ராத்திரி பண்டிகை தொடங்குகிற நாள், காலை. புலோரின் புருஷன் இல்யாவ் முடிதிருத்துகிறவன், அரசாங்கக் கடையில் வேலை, அங்கே பண்டிகைக்கென்று லீவு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் சரியாக இந்த நாளில் அவனுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கும், லீவு போடுவான். "அந்தப் பல்லு இன்னும் விழலையா இல்யாவ்?" என்று மேலாளர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இந்த வருஷம் அவரே லீவுச் சீட்டை எழுதிவைத்திருந்தார். மகள் யாஃபாவுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கும் அப்பாவைப் பார்த்து அதே பல் வலி.

ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு எரிந்தது. ஆட்டுக்கறி நாலு கிலோ, ஈரல் தனியாக. சடங்கு முறைப்படி அறுக்கிறவர் விடியற்காலையில் அறுத்துக் கொடுத்துவிட்டுக் கத்தியைக் கழுவி உறையில் போட்டுவிட்டார். இனி பண்டிகை முடிந்துதான் எடுப்பார். புலோர் கொப்பரையைத் துணி பிரித்து அடுப்பில் ஏற்றி, கொப்பரையோடு மஃப்ராத் அனுப்பியிருந்த நீளக் கரண்டியை எடுத்துக் கறியைக் கிளறினாள். கிளறும்போது உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கிளறல். இரண்டாவது கிளறலுக்குக் கரண்டியைத் தூக்கியபோதுதான் அதைப் பார்த்தாள்.

கரண்டியின் கழுத்தில், ஆணி அடித்த சந்துக்குள், வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெருடினாள். வந்தது. காய்ந்த லக்மான் துண்டு. சூப்பில் போடுவதற்குக் கோதுமை மாவைக் கையால் இழுத்து இழுத்து நூலாக்குவார்களே, அதில் அரை நக நீளம், ஒரு முனை புதிதாக ஒடிந்திருந்தது.

"யாஃபா, இங்க வா. இது என்ன?"

"லக்மான்மா" என்றாள் யாஃபா. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அய்யய்யோ."

"மீதி அரைத் துண்டு எங்கடி?"

இரண்டு பேரும் கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தார்கள். கறி பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மஃப்ராத்திடம் ஒரே செம்புக் கொல்லன் அடித்த ஜோடிக் கரண்டி உண்டு. ஒன்று பாஸ்காவுக்கு, ஒன்று தினசரிக்கு. பாஸ்காக் கரண்டியின் காம்பில் நீல நூல் கட்டியிருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்ட ஞாபகம் இப்போதுதான் வருகிறது புலோருக்கு. இந்தக் காம்பில் நூலும் இல்லை, நூல் இருந்த தடமும் இல்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற மஃப்ராத் மகராணி, லக்மான் கிளறுகிற கரண்டியைப் பாஸ்காக் கொப்பரையோடு அனுப்பிவைத்திருக்கிறாள்.

கறி போயிற்று. அதுதான் முதல் நினைப்பு. ஆனால் மதினி மாட்டிக்கொண்டாள் என்பது அடுத்த நினைப்பு, அது வந்த வேகத்தில் புலோர் அடுப்படியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

"அம்மா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"ராத்திரி வரட்டும்டி. இதைத் தூக்கிக் குடுத்துட்டு வேற சமைப்போம். எல்லாரும் சாப்பிட்டு, கையை நக்கி, ஆகா ஓகோன்னு சொல்லட்டும். அப்புறம் கரண்டியைத் தூக்கிக் காட்டுறேன். குறை யாருதுன்னு தெரு பூரா பார்க்கட்டும்."

இல்யாவ் வந்து எட்டிப் பார்த்தான். "ஜெபக்கூடத்து ரபி பின்ஹாஸைக் கேட்டுட்டு வந்துரட்டுமா? ஒருவேளை..."

"ரபி வீடு எது? உங்க அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. நீங்க அங்க போய் வாயைத் திறந்தா, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள வண்டி வந்து நிக்கும். சும்மா இருங்க. யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்க, அந்தப் பல்லு நெசமாவே வலிக்கும்."

பக்கத்து வீட்டு ஜமீரா முஸ்லிம் பெண். அவளுக்குப் பாஸ்காவும் இல்லை, லக்மானைப் பற்றிய கவலையும் இல்லை. மதில் மேலாகக் கறிப் பாத்திரம் கை மாறியது.

"அக்கா, இத்தனையுமா? ஈரல் வேற. எனக்குப் பாவம் கீவம் ஒண்ணும் வராதே?"

"உனக்கு ஒரு பாவமும் இல்ல. எல்லாம் என் நாத்தனார் கணக்கு. இந்தக் கரண்டியையும் உன் வீட்ல வச்சிரு. புளிப்பு ஒட்டின சாமான் பத்து மணிக்கு மேல என் வீட்ல இருக்கக் கூடாது. ராத்திரி நான் கொப்பரை மூடியை மூணு தடவை தட்டுவேன். நீ மதில் மேல ஏறி இந்தக் கரண்டியைத் தூக்கிக் காட்டணும், அவ்வளவுதான்."

"மூணு தட்டு, நான் ஏறுறேன்" என்றாள் ஜமீரா. இப்படி ஒரு வேலை வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்ததேயில்லை. கறிக்குப் பதிலாகக் கூடை நிறைய முட்டையும், தோட்டத்திலிருந்து அப்போதுதான் அறுத்த கொத்தமல்லியும், புதினாவும், பசலைக் கீரையும், வேலி உயரத்துக்கு வெங்காயத் தாளும் மதில் தாண்டி வந்தன.

இல்யாவ் முற்றத்தில் விறகு அடுக்கி, கொப்பரையைத் தேய்த்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தான். பழுக்கக் காய்ந்த கல்லை இடுக்கியில் பிடித்து உள்ளே போட்டதும் தண்ணீர் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. அப்படி வழிந்தால்தான் பாத்திரம் சுத்தம். வழிந்த தண்ணீர் அவன் செருப்பிலும் வழிந்தது. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கடவுள் பேரைச் சொன்னான், அதுவும் நல்லதுதான். ஒன்பதரைக்கு வேலை முடிந்தது. பத்துக்குள் வீட்டில் மிச்சமிருந்த ரொட்டித் துணுக்கெல்லாம் நெருப்பில் போயாயிற்று, அந்த லக்மான் துண்டும் சேர்ந்து.

இனிமேல்தான் கூத்து. பதினாறு பேர் வருகிறார்கள். கறி இல்லை. மாவு கூடாது. ஏழு தடவை பொறுக்கின அரிசி இருக்கிறது, தடித்த புளிக்காத ரொட்டி இருக்கிறது. புலோர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு. மஞ்சள் கேரட். வால்நட் ஒரு பை. குளிர்காலத்துக்குக் கட்டித் தொங்கவிட்டதில் மிஞ்சிய, ஆப்பிள் ஜாதிச் சீமைமாதுளம் பழம் ஆறு. உலர்ந்த ஆப்ரிகாட். பருத்திக்கொட்டை எண்ணெய் ஒரு டின்.

"யாஃபா, வெங்காயத்தை உரி. எல்லாத்தையும் உரி."

"எல்லாத்தையுமா?"

"அழுகை வந்தா அழு, கையை நிறுத்தாதே."

வெங்காயத்தைப் பொன்னிறத்தில் நிறுத்தாமல் கருஞ்சிவப்பு வரை கொண்டுபோனாள். கறி இல்லாத சூப்புக்கு நிறம் எங்கிருந்து வரும், வெங்காயம்தான் தர வேண்டும். அதில் கேரட்டும் உருளையும் ஆப்ரிகாட்டும் விழுந்தன. கடைசியில் ரொட்டியை உடைத்துப் போட்டு முட்டையை அடித்து ஊற்றினால் சூப்பு. கொத்தமல்லியை நறுக்கினாள், நறுக்கினாள், பலகை பச்சையாகி, கை பச்சையாகி, மூக்கைச் சொறிந்ததில் மூக்கும் பச்சையாயிற்று. கொப்பரையில் வேகிற சோறு இந்தக் கொத்தமல்லியால்தான் பச்சையாகும். அந்தப் பச்சைச் சோற்றில் வழக்கமாகக் கறியும் ஈரலும் பொடியாக நறுக்கி விழும். ஈரலுக்கு எங்கே போவது? அவித்த முட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, இடித்த வால்நட்டோடும் கருக வதக்கின வெங்காயத்தோடும் எண்ணெயில் புரட்டினாள். ஒரு துண்டை மகள் வாயில் போட்டாள்.

யாஃபா மென்றாள். கண்ணை மூடினாள். "அம்மா, ஈரலேதான்."

"பொய் சொல்லாதடி."

"இன்னொண்ணு குடு, சரியாப் பார்த்துச் சொல்றேன்."

இன்னொன்றுக்கு அப்புறம் இன்னொன்று கேட்டாள், கரண்டிக் காம்பால் ஓர் அடியும் வாங்கினாள். பசலைக் கீரை முட்டையோடு சேர்ந்து அடை அடையாகச் சட்டியில் வெந்தது. சீமைமாதுளையைக் குடைந்து வால்நட்டும் திராட்சையும் அடைத்தாயிற்று. குடைந்த உருளைக்கிழங்குக்குள் புதினா போயிற்று. பகல் இரண்டு மணிக்குப் புலோருக்கு உலகமே ஒரு பெரிய அடுப்படியாகத் தெரிந்தது, பாட வேண்டும்போல இருந்தது, பாடினாள். இல்யாவ் திண்டுகளைத் தட்டிப் போட்டுக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினான், வேறு பாட்டு.

மூன்று மணிக்குத்தான் யாஃபா கேட்டாள். "சடங்குத் தட்டுல ஆட்டு எலும்பு வைக்கணுமேம்மா?"

எலும்பும் மதில் தாண்டிப் போயிருந்தது. புலோர் ஒரு பீட்ரூட்டைத் தணலில் சுட்டுத் தட்டில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். சிவப்பாகத்தானே இருக்கிறது, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் வந்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் நீள மேசை, வெள்ளை விரிப்பு, சுற்றிலும் திண்டுகள். எதிரே முற்றம், அதற்கப்பால் ஜமீரா வீட்டு மதில், அதற்கு மேலே பௌர்ணமி நிலா. மனைவி இல்லாத ரபி பின்ஹாஸ் தலைமாட்டில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். பீட்ரூட்டைப் பார்த்தார். புலோரை ஒரு தடவை பார்த்தார். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எகிப்து விடுதலைக் கதையுள்ள பண்டிகைப் புத்தகத்தைத் திறந்தார்.

மஃப்ராத் கடைசியாகத்தான் வந்தாள், புருஷன் அவ்னெரோடு. அவ்னெர் சாப்பாட்டு ராமன். உள்ளே நுழைந்ததும் மூக்கைத் தூக்கி, "ஈரல் வாசனை ஆளைத் தூக்குது" என்றான். யாஃபா சட்டென்று திரும்பி நின்றுகொண்டாள். மஃப்ராத்தோ மேல்கோட்டைக் கழற்றவில்லை. வலது கையைக் கோட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோட்டைக் குடுங்க மதினி, மாட்டிவைக்கிறேன்."

"வேணாம். குளிருது."

"கை வலிக்குதா?"

"எல்லாம் வலிக்குது" என்றாள் மஃப்ராத்.

புத்தகம் வாசிக்க ஆரம்பித்தார்கள். உப்புத் தண்ணீரில் தோய்த்த கீரை சுற்றி வந்தது. மஃப்ராத் தொடவில்லை. அவித்த முட்டை வந்தது. தொடவில்லை. இல்யாவ் அக்காவுக்குப் பிடிக்குமே என்று உருளைக்கிழங்கு ஒன்றைத் தள்ளினான், அதையும் தள்ளிவைத்தாள். புலோர் அதை நாத்தனார் பக்கமே திரும்ப நகர்த்தினாள். எவ்வளவு நெஞ்சழுத்தம். சாப்பிட்டால் நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டி வரும் என்று தொடாமலே இருக்கிறாளா? இருக்கட்டும், இருக்கட்டும், மதிலுக்கு அந்தப் பக்கம் உனக்கு மருந்து வைத்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் கறுவினாள்.

எகிப்திலிருந்து விடுதலையானதற்கு ஒவ்வொன்றாக நன்றி சொல்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் வெங்காயத் தாளை எடுத்து ஒருவரை ஒருவர் அடிப்பது அந்த வீட்டின் வழக்கம். அடிமையாக இருந்தபோது சாட்டையடி வாங்கினதன் ஞாபகமாம். ஞாபகமாவது ஒன்றாவது, வருஷம் பூரா மனசில் வைத்திருந்ததையெல்லாம் தீர்த்துக்கொள்ளத்தான். கொழுந்தன் மைத்துனனை அடித்தான், யாஃபா அப்பாவை அடித்தாள், அவ்னெர் மேசைக்கடியில் ஒளிந்தான், ரபி தலையில் யாரோ ஒரு தாளை உடைத்தார்கள். புலோர் நல்ல தடிமனான கட்டாகப் பார்த்து எடுத்து நேராக நாத்தனாரிடம் போனாள். தோளில் ஒன்று போட்டாள். முதுகில் இரண்டு போட்டாள். வழக்கமாகப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிற மஃப்ராத் கையைத் தூக்கவேயில்லை.

"அடி" என்றாள். "நல்லா அடி. எனக்கு வேணும்."

புலோருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இவளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

வாசிப்பு முடிந்து சாப்பாட்டு நேரம் வந்தது. இல்யாவும் யாஃபாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கொப்பரையைக் கொண்டுவந்து மேசைத் தலைமாட்டில் வைத்தார்கள். அவ்னெர் திண்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். புலோர் மூடியில் கை வைத்தாள்.

"நிறுத்து" என்றாள் மஃப்ராத்.

எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யாரும் அதுல கை வைக்காதீங்க. தம்பி, தட்டைக் கீழ வையி. என்னங்க, உங்களுக்கும்தான். அது சாப்பிடக் கூடாத சாப்பாடு. புலோரு மேல தப்பில்ல. நான்தான்."

கோட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து நீளக் கரண்டி ஒன்று வந்தது. காம்பில் நீல நூல்.

"மத்தியானம் தினசரிச் சாமானை எல்லாம் எண்ணிப் பூட்டும்போதுதான் பார்த்தேன். பாஸ்காக் கரண்டி என் வீட்லயே தொங்குது. கோதுமை கிளறுற கரண்டியைப் புலோருக்கு அனுப்பியிருக்கேன். வந்ததும் சொல்லணும்னுதான் வந்தேன். வாசல்ல சொல்லலாம்னு பார்த்தேன், ரபி நின்னாரு. உள்ள வந்து சொல்லலாம்னு பார்த்தேன், எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க. அடுத்த பக்கத்துல சொல்றேன், அடுத்த பக்கத்துல சொல்றேன்னு புஸ்தகமே முடிஞ்சு போச்சு. இருபத்திரண்டு வருஷமா எல்லாரையும் குத்தம் சொல்லியிருக்கேன்ல, வாய் வரல." கரண்டியை மேசை மேல் வைத்தாள். "குறை என்னால வந்தது. கொப்பரை இந்த வீட்லயே இருக்கட்டும்."

புலோர் இந்த முகத்தைப் பார்க்கத்தான் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். இப்போது பார்த்துவிட்டாள். கொஞ்சம்கூட இனிக்கவில்லை. வயிறு பசித்தும் ஒரு வாய் தொடாமல், ஒடிந்த கையில் கரண்டியை இடுக்கிக்கொண்டு ராத்திரி பூரா உட்கார்ந்திருந்த பொம்பளைதான் எதிரே நின்றாள். சந்தோஷமாக ஆடின காலை நேரத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மதில் விஷயத்தை மறந்துவிடுவது, மூச்சு விடுவதில்லை என்று அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்தாள்.

"மதினி, உக்காருங்க. இதுல கறியே இல்ல" என்றாள். "காலைலயே பார்த்துட்டேன். எல்லாத்தையும் குடுத்துட்டு, கொப்பரையைக் கல்லு போட்டுக் காய்ச்சிச் சுத்தம் பண்ணி, புதுசாச் சமைச்சது. வேற கரண்டில."

திறந்து காட்டலாம் என்று மூடியைத் தூக்கினாள். மூடியில் ஆவி வேர்த்திருந்தது, கைநழுவிவிட்டது. தாழ்வாரத்திலிருந்து முற்றத்தில் இறங்க மூன்று படி. செம்பு மூடி ஒவ்வொரு படியிலும் ஒரு தடவை விழுந்தது. டங். டங். டங்.

நிலா வெளிச்சத்தில், மதில் மேல், ஜமீராவின் தலை எழும்பியது. அதற்குப் பக்கத்தில் ஒரு கை எழும்பியது. அந்தக் கையில் கரண்டி.

"அக்கா, இதைத்தானே காட்டச் சொன்னீங்க? தெரியுதா? இன்னும் மேல தூக்கணுமா?"

பதினாறு பேரும் மதிலைப் பார்த்தார்கள். அப்புறம் பதினாறு பேரும் புலோரைப் பார்த்தார்கள். புலோருக்குக் கொப்பரைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"ஓகோ" என்றாள் மஃப்ராத். நிறம் முகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "சாட்சியெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கு."

"மதினி, அது வந்து..."

"மதில் மேல ஆள் ஏத்தியிருக்கா பாரு. எனக்குத் தோணாம போச்சே."

அப்போதுதான் ரபி பின்ஹாஸ் புத்தகத்தை மூடினார். "ஒரு நிமிஷம். புலோர், அந்தக் கரண்டியைக் கறியில போட்டது எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும் ரபி."

"விழுந்த லக்மான் எவ்வளவு?"

"அரை நகம்."

"கறி?"

"நாலு கிலோ. தண்ணியும் இருந்துச்சு."

ரபி தாடியைத் தடவினார். "பண்டிகை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, புளிப்பு இன்னும் விலக்காகாத நேரத்துல, அறுபதுல ஒரு பங்குக்கும் குறைவா விழுந்தா அது இல்லாத மாதிரிதான். எங்க ஆளுங்க அப்படித்தான் தீர்ப்பு சொல்லியிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சாப்பிடலாம்னு சொல்லியிருப்பேன்."

அவ்னெர்தான் முதலில் வாயைத் திறந்தான், பரிதாபமாக.

"அப்போ ஈரலு?"

"ஈரல் ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே" என்றாள் ஜமீரா மதில் மேலிருந்து.

யாஃபாதான் முதலில் வெடித்தாள். அப்புறம் இல்யாவ். மஃப்ராத் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தின கை குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. புலோர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடியாமல் நாத்தனாரின் தோளையே பிடித்துக்கொண்டாள். ரபிகூடத் தாடிக்குள் என்னவோ செய்தார். ஜமீரா காரணம் புரியாமலே கூடச் சிரித்து, கரண்டியைத் தவறவிட்டு, நல்லவேளை அவள் வீட்டுப் பக்கமே விழுந்தது.

பசி வந்தது பாருங்கள், அது தனிக்கதை. சூப்பு வந்ததும் போயிற்று. கீரை அடைக்கு அடிதடி. அவ்னெர் பச்சைச் சோற்றை அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, "இந்தா ஈரலு இருக்கே, எதுக்கு இல்லைன்னு சொன்னீங்க?" என்றான். முட்டையும் வால்நட்டும் என்று நாலு பேர் சத்தியம் செய்தும் அவன் நம்பவில்லை. மஃப்ராத் பேசாமல் மூன்று தட்டு சாப்பிட்டாள். சீமைமாதுளையைச் சாப்பிட்டுவிட்டு சாறு வழிகிற விரலையும் சூப்பினாள்.

கொப்பரையில் சோறு தீர்ந்து அடியில் காந்தல் தெரிந்தது. மஃப்ராத் நீல நூல் கரண்டியை எடுத்துக் காம்பைப் புலோர் பக்கம் நீட்டினாள்.

"சுரண்டு. கொப்பரைக்காரிதான் சுரண்டணும்."

புலோர் கரண்டியை விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். காந்தல் உடையாமல் தட்டகலத்துக்கு முழுசாக எழும்பி வந்தது, மேலே பச்சை, கீழே பொன் சிவப்பு. இந்த நேரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ பாஸ்காவாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். நாத்தனாருக்குக் கட்டைவிரல் அளவு, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. இப்போது இரண்டாக உடைத்து, பெரிய பாதியை மஃப்ராத் தட்டில் வைத்தாள்.

மஃப்ராத் கடித்தாள். மென்றாள். அவள் அவசரப்படாமல் விழுங்கினாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

இல்யாவ் நெற்றியில் அடித்துக்கொண்டான். புலோருக்கு மறுபடியும் சிரிப்புப் பீறிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை காதுக்கு நன்றாக இருந்தது.

"அடுத்த வருஷமும் கறி போடாதே" என்றாள் மஃப்ராத். "இதேதான் பண்ணணும், ஒண்ணையும் மாத்தக் கூடாது. நான் காலைலயே இங்க வந்துடறேன். உப்பை மட்டும் நான் போடறேன்."

"வாங்க மதினி. ஆனா முதல்ல அந்த மூலைல உக்காந்து அரிசி பொறுக்கணும். ஏழு தடவை."

"கை ஒடிஞ்சவளைப் போயா?"

"பொறுக்குறதுக்கு ஒரு கை போதும்."

மஃப்ராத் மேசையைத் துழாவினாள். நசுங்கிப்போன வெங்காயத் தாள் ஒன்று அகப்பட்டது. இடது கையால் அதை எடுத்து, தம்பி பெண்டாட்டியின் முதுகில், ராத்திரி பூரா பாக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒன்று போட்டாள்.